சி அறையில் ஒன்பது ஜிபி

எனக்கு அப்டேட் வந்திருக்கிறது என்று திங்கட்கிழமை காலை கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சி அறையில் இருபது ஜிபி காலியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிக்கொள்ளாவிட்டால் எனக்கான ஆதரவு நிறுத்தப்படும். கீழே என் புகைப்படம் இருந்தது. அதில் நான் ஏற்கெனவே பழையவனாக இருந்தேன்.

சி அறையில் ஒன்பதுதான் காலி.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். முன்னால் சி, பின்னால் டி. டி அறையில் முந்நூற்றுப் பத்து ஜிபி சும்மா கிடக்கிறது. சைக்கிள் ஓட்டலாம். ஆனால் அப்டேட்டை சி அறையில்தான் பிரித்துப் போட முடியும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில்.

வீட்டைப் பிரித்ததும் நான்தான். கடைக்கு வரும் மெஷினுக்கெல்லாம் சி-க்கு அறுபது, மிச்சத்தை டி-க்கு என்று போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. யோசிக்காமல் வீட்டையும் அப்படியே பிரித்துவிட்டேன். குடிவந்த பிறகுதான் சோபா போட இடமில்லை என்று தெரிந்தது. யாராவது கேட்டால் பில்டர் செய்த வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆதரவு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் மாடி பரசுராமன் இருக்கிறார். போன வருடம் அவருக்கு நின்றது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் பால் பாக்கெட் அவருக்குத் திறப்பதில்லை. லிஃப்ட் அவர் நிற்கும் மாடியில் நிற்பதில்லை. அவர் வணக்கம் சொன்னால் நமக்குக் கேட்க நான்கு நாள் ஆகிறது. அவருடைய மகன் வந்து பார்த்துவிட்டு, இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் என் மனைவி வேதவல்லியை டி அறைக்கு மாற்றினேன். சி அறையில் அவள் இருந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் வைத்தேன். அதைத் தொட்டால் அவள் வருவாள். அவள் போனதில் மூன்று ஜிபி கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் என் வீட்டில் அவள் பிடித்திருந்த இடம் அவ்வளவுதான். எண்ணைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அங்க சௌகரியமா இருக்கா?" என்று கேட்டேன்.

"காத்து வருது. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

பன்னிரண்டு ஆயிற்று. பிறகு பழைய வாரண்டி அட்டைகள், ஓடாத மூன்று மின்விசிறிகள், ஒரு மே மாதம் ஆகியவற்றை அழித்தேன். எண் அசையவில்லை. அழித்ததெல்லாம் குப்பைக்கூடையில் இருந்தது. கூடை சி அறையில் இருந்தது. இதைத் தினமும் நான்கு வாடிக்கையாளர்களுக்காவது நக்கலாகச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

கூடையைக் காலி செய்தபோது பதின்மூன்று ஆயிற்று. அதற்கு மேல் ஏறவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அப்டேட் அலுவலகத்திலிருந்து உமையாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் அளவு நாடா, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் அவருடைய படத்துக்குப் பதிலாக ஒரு சுற்றும் வட்டம் இருந்தது. செருப்போடு உள்ளே வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"அறுபதுல பதிமூணு காலி. சிஸ்டத்துக்குப் பதினாறு. மிச்சம் முப்பத்தொண்ணு எங்க சார்?"

"தெரியல மேடம்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சர்வீஸ் இன்ஜினியர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நேராக ஷூ ஸ்டாண்டுக்குப் போனார். அதை நகர்த்தினார். பின்னால் ஒரு அலமாரி இருந்தது. கதவில் 'டெம்ப்' என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. மறைத்து வைத்த ஃபோல்டர் லேசாக மங்கித் தெரியும். அதுவும் மங்கித்தான் தெரிந்தது.

"இது என்ன?"

"தற்காலிகம் மேடம்."

"எத்தன வருஷமா?"

அவர் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே சம்பவம். நானும் கூட வேலை பார்த்த அமலதாசும் முதலாளியும் கடையில் நிற்கும் சம்பவம். முதலாவது பதினோரு நொடி. கடைசி இரண்டே கால் மணி நேரம்.

"காரிடார்ல வச்சுத்தான் பாக்கணும். உள்ள இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு உமையாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எதிர் வீட்டு அம்மா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். இரண்டு பேர் முறுக்கு எடுத்து வந்தார்கள். ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒளிய சி அறையில் இடமில்லை.

சம்பவம் இதுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். சி-யை மட்டும் அழித்து, சிஸ்டத்தைப் புதிதாகப் போட வேண்டும். டி-யில் பதினாறு கல்யாணங்களின் படங்கள் இருந்தன, தொடக் கூடாது. அழிக்கும் திரையில் பார்ட்டிஷன்களுக்குப் பெயர் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான் வரும், பக்கத்தில் அளவு இருக்கும். அளவைப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும். நான் அன்றைக்கு மேசையிலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டே அழித்தேன். போனது டி.

மறுநாள் பதினாறு ஜோடிகளும் மாலையோடு கடைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். படம் இல்லாததால் சிலருக்கு யாரோடு கல்யாணம் ஆனது என்பதே மறந்துவிட்டிருந்தது. வரிசையில் கேட்டுக் கேட்டு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து, "யார்றா பண்ணது?" என்று கேட்டார். நான் அமலதாசைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கடையும் அவனை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நான் அவ்வப்போது குளிக்கும்போது அதைக் கொஞ்சம் திருத்துவேன். திருத்தியதைத் தனியாகச் சேமிப்பேன். பழையதை அழிக்க மாட்டேன், தொழில் பழக்கம். உமையாள் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்தார்.

"ஏழாவதுல நீங்க அவர் தோள்ல கை வைக்கறீங்க."

"ஆமாம்."

"நாப்பதுல மழை பெய்யுது."

"ஆமாம்."

"நூத்திப் பதினெட்டுல உங்க மீசை பெருசா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். எதிர் வீட்டு அம்மா, நூற்றுப் பதினெட்டு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"இருநூத்தி ஆறுல நீங்க முதலாளிகிட்ட அவருக்காகப் பேசறீங்க. முந்நூத்தி அம்பதுல அவர் அழறார். நானூத்திப் பன்னண்டுல அவரே உங்க கையப் புடிச்சுகிட்டு, நான்தான்டா அழிச்சேன், பழிய உன்மேல போடப் பாத்தேன், மன்னிச்சிடுன்னு சொல்றார். நீங்க மன்னிக்கறீங்க. முதலாளி உங்களுக்கு மோதிரம் போடறார்." உமையாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போன செவ்வாய்க்கிழம திருத்தியிருக்கீங்க."

"ஆமாம் மேடம்."

"ஒண்ணாவதுல சத்தமே இல்லயே?"

"அதுல யாரும் எதுவும் பேசல."

டி அறையிலிருந்து வேதவல்லியின் குரல் வந்தது. "எதையாவது ஒண்ண வச்சிட்டு அவங்கள அனுப்புங்க. சாப்பாட்டு நேரம் ஆகுது."

"அதேதான். ஒண்ணுதான் வச்சுக்க முடியும்" என்றார் உமையாள். "மத்ததெல்லாம் அழிக்கணும். ஆனா இதுல இன்னொருத்தர் இருக்கார். அவர் கையெழுத்து வேணும்."

அமலதாஸ் லிஃப்டிலிருந்து இறங்கி வந்தான். அவனை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. தலை நரைத்திருந்தது. விரல் நுனிகளில் ஜெராக்ஸ் மை இருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அவனை மூன்று தடவை சாலையில் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அவனுக்கு அது தெரியும் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"நல்லா இருக்கியா தணிகா?" என்றான்.

"இருக்கேன்."

"எங்கிட்டயும் அது ஒண்ணு இருக்கு." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பதினோரு நொடி. ஓரங்கள் தேய்ந்திருந்தன. "திருத்தவே இல்ல. ஜெசிந்தாவுக்காக வச்சிருக்கேன்."

ஜெசிந்தா அவனுடைய மகள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளை, பதினாறு கல்யாணத்தை அழித்தவன் பெண் என்று கூப்பிடுவார்களாம். அவள் ஒருத்தியை டிபன் பாக்ஸால் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டாளாம்.

"நான் அழிக்கலம்மான்னு சொன்னேன். நம்பினா. அதுலேர்ந்து ஒவ்வொரு பொறந்தநாளைக்கும் இதப் போட்டுக் காட்டச் சொல்லுவா. கேக் வெட்டறதுக்கு முன்னாடி பாப்போம்." அமலதாஸ் லேசாகச் சிரித்தான். "எங்கிட்ட வேற எதையும் அவ பெருசா எடுத்துகிட்டதில்ல. இது ஒண்ணுதான்."

"நீ ஏன் அன்னிக்கு முதலாளிகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

உமையாள் நடுவில் புகுந்தார். "ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு விதமா இருந்தா அப்டேட் ஏறாது. ஏறும்போது ரெண்டையும் ஒண்ணாக்கிடும். எது கடைசியாத் திருத்தினதோ அது நிக்கும். பழசு போயிடும். அவர்கிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும்."

எனக்கு இந்த விதி தெரியும். இதை வைத்துத்தான் நான் சம்பாதிக்கிறேன்.

"அதனால சார், நீங்க ஒரிஜினல எடுத்துக் குடுத்தீங்கன்னா அதுல இன்னிக்குத் தேதியப் போட்டுடறேன். அதுவே நிக்கும். எல்லாருக்கும் அதுதான் தெரியும். ஒய்ஃபுக்கும் தெரியும். இல்ல, நானூத்திப் பன்னண்டுதான் வேணும்னா அதையும் வைக்கலாம். ஒரிஜினல் ரெண்டு எம்பி. மத்தது நாலு ஜிபி. எத வச்சாலும் இடம் பத்தும்."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இடமில்லை என்று சொல்லி நான் தப்பித்திருப்பேன்.

"எது ஒரிஜினல்னு உனக்குத்தான் தெரியும் தணிகா" என்றான் அமலதாஸ். "எந்த நம்பர்னு நீ சொல்லு." அவன் உமையாளிடமிருந்து படிவத்தை வாங்கினான். எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கொடுத்தான். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அருகில் இருந்தவன் நான்தான்.

காரிடாரில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. ஒன்று என்று எழுத ஒரு கோடு போதும். பேனாவை வைத்து ஒரு கோடு போட்டேன். அதற்கு முன்னால் இடம் இருந்தது. பின்னாலும் இடம் இருந்தது. என் கை முன்னால் ஒரு நான்கையும் பின்னால் ஓர் இரண்டையும் எழுதியது. என் கை எழுதியது என்று சொல்கிறேன். நான்தான் எழுதினேன்.

உமையாள் படித்துப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

"நடங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

காரிடார் நீண்டிருந்தது. வழக்கமாக எட்டு வீடுகள்தான். இப்போது தூண்கள் தெரிந்தன, ஒவ்வொரு தூணிலும் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை. நாங்கள் நடந்தோம். அமலதாஸ் சின்னப் பேச்சாகப் பேசிக்கொண்டு வந்தான். ஜெராக்ஸுக்கு வரும் டோனர் மை சரியில்லை என்றான். இப்போதெல்லாம் எல்லாரும் செல்போனிலேயே படிவத்தை எடுத்துவிடுகிறார்கள் என்றான்.

முப்பதாவது தூணில் அவன் பேச்சை நிறுத்தினான்.

"அன்னிக்கு மெஷின் முன்னாடி உக்காந்தது யாரு?"

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

ஐம்பத்தைந்தில் மழை பெய்தது. காரிடாருக்குள்தான். அறுபதில் விட்டது. அறுபத்தெட்டில் அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். ஆள்காட்டி விரலை மடக்கினான், நீட்டினான்.

"இந்த வெரல்தான்" என்றான்.

நான் முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தேன். எண்பதில் அவன் சட்டைப் பையைத் தடவினான். அங்கே இருந்ததை வெளியே எடுத்தான். ஒரு பழைய பஸ் டிக்கெட் அளவுக்கு இருந்தது. என்னவென்று தெரியாமல் கீழே போட்டுவிட்டான்.

தொண்ணூற்றொன்பதாவது தூணுக்கும் நூறாவது தூணுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எப்போதும் அப்படித்தான். பாதி வழியில் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. 'ரத்து' என்று எழுதியிருந்தது. கை எட்டும் உயரம்தான். தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினால் இரண்டு பேருமே கெட்டுப்போவோம், திரும்ப எழ மாட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று சோதித்துப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்களிடம் அப்படிச் சொல்வது வழக்கம். பொத்தானைக் கடக்கும்போது கைகளைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நூறில் அமலதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"நான்தான்டா அழிச்சேன். பழிய உன்மேல போடப் பாத்தேன். மன்னிச்சிடு தணிகா."

எனக்கு அடுத்த வசனம் மனப்பாடம். நான் எழுதியதுதானே. எழுதியவனுக்கு மட்டும் பழசு போகவில்லை.

"பரவால்லடா" என்றேன்.

என் விரலில் மோதிரம் இருந்தது.

"இன்னொரு உதவி பண்ணணும்" என்றான் அமலதாஸ். "ஜெசிந்தாகிட்டச் சொல்லணும். இத்தன வருஷமா அவகிட்டப் பொய் சொல்லிட்டிருந்திருக்கேன். ஒவ்வொரு பொறந்தநாளைக்கும். தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீ கூட வா. நீ சொன்னா அவ நம்புவா."

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நூறாவது தூணுக்கு அடுத்த கதவு அவன் வீடு. ஒற்றை அறை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கட்டில், ஒரு மேசை. ஜெசிந்தா எதையோ படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து, "வாங்க அங்கிள்" என்றாள். என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு பிறந்தநாட்களில் என் முகத்தைப் பார்த்தவள். எப்படிப்பட்ட முகமாகப் பார்த்தாள் என்பது இப்போது அவளுக்கே நினைவில்லை. அப்பா அழிக்கவில்லை என்ற நம்பிக்கை மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது.

அமலதாஸ் சொன்னான். நின்றுகொண்டே சொன்னான். எதையும் விடாமல், வடை உட்பட, எல்லாவற்றையும் தான் செய்ததாகச் சொன்னான். அவள் புத்தகத்தை மூடினாள். அவன் முடித்ததும் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இல்லல்ல அங்கிள்? அப்பா சும்மா சொல்றார்தானே?"

உண்மையைச் சொல்ல இவ்வளவு இடம் கொடுத்து யாரும் என்னைக் கேட்டதில்லை. அப்பா செய்யலம்மா என்று ஒரு வார்த்தை. அந்த வீட்டில் அதற்கு இடம் இருந்தது.

"அப்பா சொல்றது உண்மைதாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரே ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அமலதாஸ் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். தனக்கும் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்தான்.

நான் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.